சத்தம் வராத மோட்டார்

இந்த வருடம் மேட்டின் உச்சியில் உட்கார்ந்து நான் ஆரஞ்சு உரிப்பேன். இதுதான் என் சபதம். இவ்வளவுதானா என்று சிரிக்காதீர்கள். என் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை நானும் என் மனைவியும் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புவோம். மூன்று நாள் பயணம். ஆளுக்கொரு சைக்கிள். சமதளத்தில் நாங்கள் ஆதர்ச தம்பதி. மேடு வந்துவிட்டால் அவள் மேலே, நான் கீழே. நாக்குத் தள்ளி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் போய்ச் சேரும்போது, அவள் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பாள்.

"வந்துட்டீங்களா?" என்பாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? வந்து நிற்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே! பதில் சொல்ல மூச்சும் இருக்காது. கையில் இரண்டு சுளை வைப்பாள், ஆறுதல் பரிசாக. போன வருடம் ஏழு மேடு. பதினாலு சுளை. ஒவ்வொன்றும் புளித்தது.

ஆகவே சைக்கிளுக்கு மோட்டார் வைப்பது என்று முடிவு செய்தேன். அவளுக்குத் தெரியாமல். தெரிந்து ஜெயித்தால் மோட்டார் ஜெயித்ததாக ஆகிவிடும்.

இதில் ஒரு சிக்கல். காது கேட்கும் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது என் மனைவியின் தொழில். பகல் முழுக்க 'கீ' என்றும் 'கூ' என்றும் வரும் சத்தத்தில் எது சரி, எது கோளாறு என்று பிரித்துவிட்டு, அதே காதோடு வீட்டுக்கு வருகிறாள். நான் ஹாலில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் சமையலறையில் இருந்தபடியே கண்டுபிடிப்பாள். எத்தனை பிஸ்கட் எடுத்தேன் என்பதையும்.

சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். எங்கள் பகுதியில் அவரை 'வைத்தியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிளைப் பார்த்து முதலில் நாடி பிடிப்பார், பிறகுதான் பேசுவார்.

"ரெண்டு வகை மோட்டார் இருக்கு சார். ரெண்டுமே பின்சக்கரத்து நடுவுல உக்காரும். ஒண்ணுக்கு உள்ள பல்சக்கரம் உண்டு. லேசா இருக்கும், மேட்டுல ஜம்முனு இழுக்கும். ஆனா ங்ங்ங்னு முனகும்."

"இன்னொண்ணு?"

"அதுல பல்சக்கரமே கிடையாது. சத்தம் சுத்தமா வராது. ஆனா கனம். செங்குத்தா மேடு வந்தா திணறும். மேடு ஏறணும்னா உங்களுக்கு முதல் வகைதான் சார் சரி."

"எனக்குச் சரிதான். என் வீட்டுக்கு ரெண்டாவதுதான் சரி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் நாடியையும் பிடித்துவிட்டார் போல.

"சரி சார். முப்பத்தாறு வோல்ட் பேட்டரி, பதினாலு ஆம்பியர். ஆம்பியர் போதுமில்ல?"

"ஆம் போடுறதுல எனக்கு இருபது வருஷ சர்வீஸ் இருக்கு. போதும்."

"அப்புறம் கண்ட்ரோலர். அது இல்லாம மோட்டார் ஓடாது."

"வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே!"

"அது மோட்டாருக்குப் பொருந்தாது சார்" என்றார் வைத்தியர். அவரும் கல்யாணம் ஆனவர்.

பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் ஒரு தோசைக்கல் அளவுக்கு வந்து உட்கார்ந்தது. அதை மறைக்க இரண்டு பக்கமும் தொங்கும் பெரிய பைகளை மாட்டினேன். வலது பையின் அடியில் ஒரு பொய்த் தட்டு, அதற்குக் கீழே பேட்டரி. ஒயர்களைக் கறுப்பு டேப் சுற்றி பிரேக் கம்பியோடு கம்பியாக ஓடவிட்டோம். சுவிட்ச், மணிக்கு அடியில்.

மறுநாள் ஓர் ஒத்திகை. ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. எப்போதும் அதில் பாதி தூரம் நான் சைக்கிளை உருட்டுவதுதான் வழக்கம். அன்றைக்குச் சும்மா மிதித்தேன், மேலே போய்விட்டேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இரண்டு தடவை ஏறி இறங்கி, ராஜா மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"பாலம் வரைக்குமா போனீங்க?" என்றாள்.

"ரெண்டு தடவை ஏறினேன்."

"தண்ணி?"

"வேணாம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ம்" என்றாள். அந்த 'ம்'மை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் எழுதும் எழுத்தில் ஒற்று விட்டால்கூட என் கண்ணில் படும். மனைவியின் ஒற்றை எழுத்தில்தான் எப்போதும் கோட்டை விடுவேன்.

பேட்டரியைச் சாப்பாட்டுப் பையில் மறைத்து ஆபீசுக்கு எடுத்துப் போய் சார்ஜ் செய்தேன்.

"பை என்னங்க இவ்வளவு கனமா இருக்கு?"

"இப்பல்லாம் நல்லாச் சாப்பிடுறேன்."

"சாப்பிட்டு முடிச்சு வரும்போதும் அதே கனம் இருக்கே?"

"டப்பா கனம்மா!"

"ம்" என்றாள் மறுபடியும்.

பயணத்தன்று காலையில் வாசலுக்கு வந்தால், என் சைக்கிளில் கூடாரம். அதன் மேல் அடுப்பு. அதன் மேல் இரண்டு பேர் துணிமணி. ஒரு மடக்கு நாற்காலி வேறு. அவள் சைக்கிளில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலும் ஆரஞ்சுப் பையும்.

"என்னது இது?"

"பாலத்தை ரெண்டு தடவை ஏறின ஆளாச்சே! உங்க பலத்துக்கு இதெல்லாம் ஒரு சுமையா?"

என்ன சொல்வேன்? பலம் இல்லை என்றால் பாலம் எப்படி ஏறினேன் என்பாள். ஆம் போட்டேன்.

முதல் மேடு. சுவிட்சைப் போட்டேன். மோட்டார் இழுத்தது. ஆனால் என்னை இழுப்பதா, கூடாரத்தை இழுப்பதா, மடக்கு நாற்காலியை இழுப்பதா என்று அதற்கே குழப்பம். நடக்கிற வேகத்தில் ஊர்ந்தேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். இரண்டாவது மேட்டிலும் அதே பாட்டு, இரண்டாவது சரணம். மூன்றாவது மேட்டின் நடுவில் பேட்டரி உயிரை விட்டது. அதற்கு மேல் நான் தள்ளிக்கொண்டு போனது ஒரு சைக்கிள், ஒரு குடித்தனம், ஒரு செத்த மோட்டார். வைத்தியர் சொன்ன அந்தக் கனத்தை அன்றைக்குத்தான் முழுதாக அறிந்துகொண்டேன்.

"வந்துட்டீங்களா?" என்றாள் மைல்கல்லின் மேலிருந்து. இரண்டு சுளை.

சாயங்காலம் ஒரு விடுதியில் தங்கினோம். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பேட்டரியைக் கழற்றினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சார்ஜர் எங்கே? ஆபீசில்தானே சார்ஜ் செய்தேன்? பையை உதறினேன். விழுந்தது சார்ஜர்! எடுத்து வைத்ததாக நினைவே இல்லை. இருந்தாலும் என்னைத் தவிர வேறு யார் வைத்திருக்க முடியும்? என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பேட்டரியைச் சார்ஜில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே துண்டைப் போட்டு மூடினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"கட்டிலுக்கு அடியில ஏதோ ம்ம்ம்னு சத்தம் வருதே?"

"கொசும்மா."

"பாவம், நல்லாக் குடிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினாள்.

மறுநாள் காலை என் பாரத்தில் முக்கால்வாசியைத் தானே தன் சைக்கிளுக்கு மாற்றிக்கொண்டாள். நேற்று நான் பட்ட பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டாள் போலிருக்கிறது. "நீங்க முன்னால போங்க. செயினுக்கு எண்ணெய் விட்டுட்டு வர்றேன்" என்றாள்.

போனேன். அதுதான் அந்தப் பாதையிலேயே பெரிய மேடு. மோட்டார் கொஞ்சம் திணறியது, நானும் கொஞ்சம் மிதித்தேன், இருவருமாக மேலே போய்விட்டோம். உச்சியில் ஒரு மைல்கல். காலியாக! உட்கார்ந்தேன். கீழே பாதை முழுவதும் தெரிந்தது. தூரத்தில் ஒரு புள்ளியாக என் மனைவி. இருபது வருடத்தில் அவளை அந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஆரஞ்சு உரிக்க வேண்டுமே! கையை நீட்டினேன். ஆரஞ்சு ஏது? பை அவளிடம் அல்லவா இருக்கிறது! சபதம் கெட்டது. சரி, பேட்டரியையாவது அணைப்போம் என்று பொய்த் தட்டைத் தூக்கினேன். பேட்டரி பக்கத்தில் ஓர் ஆரஞ்சு. அதைச் சுற்றி ஒரு சீட்டு.

'சார்ஜரை ஆபீஸ் மேஜையிலேயே விட்டுட்டீங்க. நான்தான் போய் எடுத்துட்டு வந்தேன். தோலை ரோட்டில் போடாதீங்க.'

தொழில் புத்தி, இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. இருந்த பிழையெல்லாம் என்னுடையது.

அவள் வந்து சேர்ந்தாள். அவ்வளவு சுமையோடும் மூச்சு வாங்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்ச? அந்த மோட்டார்ல சத்தமே வராதே!"

"மோட்டார் சத்தம் வரலைதான். பாலம் ஏறிட்டு வந்தீங்களே அன்னைக்கு, உங்க மூச்சுச் சத்தமும் வரலையே!"

நான் ஆரஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"போன வருஷம் மேல உக்காந்து நான் ஆரஞ்சா தின்னுட்டிருந்தேன்? உங்க மூச்சுல ஒரு விசில் வருது. அது அடங்குற வரைக்கும் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்கு அது இல்ல. நிம்மதியா இருக்கு."

இந்தக் காதுக்குப் பயந்தா இத்தனை நாள் ஒளிந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

"அப்ப நேத்து எதுக்கு அவ்வளவு சுமை ஏத்தின?"

"சுமக்கிறது மோட்டார்தானே, உங்களுக்கென்ன? தள்ளுங்க, எனக்கும் இடம் விடுங்க."

நகர்ந்து கொடுத்தேன். அவளும் மைல்கல்லில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

என் சபதம் நிறைவேறிவிட்டது. மேட்டின் உச்சியில் உட்கார்ந்து ஆரஞ்சை நான்தான் உரித்தேன். தின்றது அவள், எனக்கு வந்தது இரண்டு சுளை.