வலப்பக்கம் மட்டும் திரும்பிய ஆமை

ஒரு வேலையைச் செய்வதைவிட, அது தானாக நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் எனக்கு எப்போதும் சுகம். கொதிக்கும் சோற்றுப்பானையின் மூடி ஆடுவதை, கொடியில் சட்டை காய்வதையெல்லாம் நேரம் போவது தெரியாமல் பார்த்திருக்கிறேன். (அம்மா இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். அதை அச்சில் போட முடியாது.) இப்படிப்பட்ட ஒருவனைக் கண்டிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் நீச்சல் தடாகத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அந்தத் தடாகத்தின் அடியில் தானாக ஊர்ந்து துப்புரவு செய்ய ஓர் இயந்திரமும் வைத்திருந்தார்கள். நான் உருப்படாமல் போனதற்கு நான் மட்டுமா காரணம், சொல்லுங்கள்.

அந்த இயந்திரத்தை நாங்கள் ஆமை என்று சொல்வோம். முகம் கழுவும் பேசின் அளவுக்கு இருக்கும். மூன்று சில்லு. தடாகச் சுவரிலிருந்து ஒரு நீளமான ஹோஸ் மிதந்து வந்து அதன் முதுகில் சேரும். பம்ப் அந்த ஹோஸ் வழியாகத் தள்ளுகிற தண்ணீரின் வேகத்தில்தான் சில்லுகள் உருளும். பின்னால் ஒரு மெல்லிய வால். வாலின் நுனியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டே இருக்கும், அந்தச் சீறலில் வால் இரண்டு பக்கமும் ஆடி அடியில் கிடக்கும் மண்ணைக் கிளப்பும்.

புசல்லாவையில் வளர்ந்த நான் இருபத்திரண்டு வயது வரை நீச்சல் தடாகத்தைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். காலை ஆறரை மணிக்குத் தண்ணீரின் மேல் பனி படுத்திருக்கும். கீழே ஆமை ஊரும். கொஞ்ச தூரம் நேரே போகும், நிற்பதுபோல் தயங்கும், இடப்பக்கம் திரும்பும், பிறகு மறுபடி நேரே, அப்புறம் வலப்பக்கம். எதையோ எங்கேயோ மறந்து வைத்துவிட்டு, அவசரமில்லாமல் தேடுகிற ஆளைப் போல இருக்கும். நான் இலை அள்ளும் வலையைப் பிடித்தபடி நின்று, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். தூரத்தில் கொழும்பு ரயில் கூவுவதுகூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரி இருக்கும்.

அது எப்படித் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம். அது மிக மெதுவாகச் சுற்றும். அதன் விளிம்பில் சில இடத்தில் மேடு, சில இடத்தில் பள்ளம், மற்ற இடமெல்லாம் சமம். ஒரு சின்ன நெம்புகோல் அந்த விளிம்பில் தடவிக்கொண்டே போகும். மேட்டில் ஏறினால் ஆமை இடப்பக்கம் திரும்பும், பள்ளத்தில் இறங்கினால் வலப்பக்கம், சமத்தில் நேரே. மேடும் பள்ளமும் ஒரே அளவில் இல்லாததால் ஆமை போன வழியே போகாமல் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும். அந்த ஹோட்டலில் அதிகம் யோசித்துச் செய்யப்பட்ட பொருள் அந்தச் சக்கரம்தான் என்பது என் எண்ணம். (எங்கள் மெனேஜர் ரிஸ்வான் நானா இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.)

இனி தர்ஷினி. பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தாள். பைப், வால்வு, எல்போ எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். நான் வாரத்துக்கு மூன்று முறை பஸ் ஏறிப் போய்ப் பைப் ஒட்டும் பசை வாங்கிக்கொண்டு வருவேன். நாலாவது மாதம் அவள் பசை டின்னைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“இவ்வளவு பசை வாங்குறீங்களே, தடாகம் முழுக்க ஒடஞ்சா கெடக்கு?”

ஒரு குழாயும் உடையவில்லை என்ற உண்மையை அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. விஷயம் அவள் வீட்டுக்குத் தெரிந்ததும் அவளுடைய அப்பா மாணிக்கம் ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: பையன் வேலை செய்கிற இடத்தை நேரில் பார்க்காமல் பேச்சில்லை. கண்டி மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த விண்ணப்பத்தையும் இடத்தைப் பார்க்காமல் மேலே அனுப்பிப் பழக்கமில்லாதவர்.

ஒரு வியாழக்கிழமை தனியாக வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் குடை. நான் துவைத்துத் தேய்த்த சட்டையோடு அவரைத் தடாகத்துக்குக் கூட்டிப் போனேன். ஆமையைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து நெம்புகோல் நீளமான மேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஆமை இடப்பக்கமாக ஒரு முழு வட்டம் அடித்தது. பிறகு இன்னொன்று.

“தம்பி, இது ஏன் இடமா சுத்துது?”

“கொஞ்ச நேரத்துல வலமாவும் திரும்பும் ஐயா.”

“திரும்பட்டும். ஆனா நான் வந்து நின்னதும் பார்த்தது இதத்தானே. நல்ல காரியம் பேச வந்த எடத்துல அப்பிரதட்சணமா சுத்துது. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

நான் ஓடிப்போய் டீ கொண்டுவந்து கொடுத்தேன். அவர் டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார். “ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வீட்டாளுங்களோட வர்றேன். மனசுக்குச் சரியா பட்டா அன்னைக்கே நாள் குறிச்சிருவோம். இல்லாட்டி, குறையா நெனைக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் இந்த இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: ஞாயிற்றுக்கிழமை அதை நிறுத்தி வைத்திருக்கலாமே? நிறுத்தி வைத்திருக்கலாம். சுவிட்ச் இருந்தது. சிவப்பு நிறம், என் தலைக்கு நேரே. ஆனால் எனக்கு அதற்குள் ஒரு காட்சி வந்துவிட்டது. மாலை வெயில். நீலத் தண்ணீர். ஆமை வலமாக, கோயிலைச் சுற்றுவதுபோல அமைதியாகச் சுற்றுகிறது. மாணிக்கம் ஐயாவின் முகம் மெல்ல மலர்கிறது. மூன்று நாளும் அந்தக் காட்சிக்குள்ளேயே குடியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆமையைக் கரையேற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஓர் அரம் எடுத்து மேடுகளை ஒவ்வொன்றாக அராவினேன். மேடு இல்லையென்றால் இடப்பக்கம் இல்லை. நேரே போகும், வலப்பக்கம் திரும்பும், அவ்வளவுதான். நேரே போகிற தூரமும் அதிகமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சமமான இடங்களையும் பள்ளமாக்கினேன். (ஆர்வம் வந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.)

ரிஸ்வான் நானா பின்னால் வந்து நின்றார்.

“என்ன தம்பி செய்யிறாய்?”

சொன்னேன்.

“கம்பனிக்காரன் மடையனா? காரணமில்லாமலா ரெண்டு பக்கமும் திரும்ப வெச்சிருக்கான்?”

“அவங்க ஊர்ல இதெல்லாம் பார்க்க மாட்டாங்க நானா.”

நானா அரத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். “அல்லாஹ் ஒனக்கு நல்ல புத்தியத் தரட்டும்” என்றார். நான் அதை வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்கு மாணிக்கம் ஐயா வீட்டார் மூன்று பேரும் வந்தார்கள். தர்ஷினி மஞ்சள் சேலை. அவள் அம்மா கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை, பழம், லட்டு, நடுவில் எங்கள் இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்து எழுதிய தாள், நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. தடாகத்தின் ஓரத்தில் நானா நல்ல கதிரைகளாகப் பார்த்துப் போட்டிருந்தார். நான் போய் சுவிட்சைப் போட்டேன்.

என் காட்சி அப்படியே வந்தது. அதே வெயில், அதே நீலம். ஆமை தடாகத்தின் நடுவில் வலமாக ஒரு வட்டம் போட்டது. மரத்திலிருந்து விழுந்து மிதந்த பூக்களும் மெதுவாக அதே பக்கம் சுற்ற ஆரம்பித்தன. மாணிக்கம் ஐயா கதிரையில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“பார்த்தியா, வலமா சுத்துது” என்று மனைவியிடம் சொன்னார். “மூணு.” கொஞ்சம் பொறுத்து, “அஞ்சு” என்றார். ஒன்பது வந்ததும் நவக்கிரகத்துக்குக் கணக்குச் சரி என்று கையைக் கூப்பினார். எனக்கு உலகம் மிதந்தது. தர்ஷினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரின் மேல் கிடந்த ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சுருள். இரண்டு பக்கமும் திரும்பினால் ஒரு பக்கம் சுருண்டது மறுபக்கம் அவிழும். கம்பனிக்காரன் மேடும் பள்ளமும் வைத்ததன் ரகசியம் அதுதான். எனக்கு அது அந்த நிமிடம்தான் புரிந்தது. புரிந்தும் நான் அசையவில்லை. அவர் அப்போது இருபத்தொன்று என்று சொன்னார், அதுவும் கொஞ்சம் தழுதழுத்த குரலில். அந்த மனிதரின் பக்தியை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இருபத்து நாலாவது வட்டத்தில் ஹோஸ் தீர்ந்துபோனது. சுருள்கள் இறுகி, ஆமையை அடியிலிருந்து மேலே இழுத்தன. முதலில் அதன் முதுகு தெரிந்தது. மாணிக்கம் ஐயாவின் மனைவி எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்ததாக வால் தண்ணீரை விட்டு வெளியே வந்தது.

அடியில் இருக்கும்வரை அந்த வால் சாது. மேலே வந்தால் பம்ப்பின் முழு வேகமும் அதன் நுனியில்தான். அது வானத்தைப் பார்த்து ஒரு தடவை சீறியது. பிறகு கதிரைகளின் பக்கம் திரும்பி இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, யாரையும் விட்டுவைக்காமல் அடித்தது. திருநீறு போனது. குடை விரிக்க நேரமில்லை. லட்டுகள் உருண்டன. நீச்சல் தடாகத்துக்குப் பொறுப்பான நான் என்ன செய்தேன்? முழங்காலில் நின்று லட்டுப் பொறுக்கினேன்.

மஞ்சள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்ப் அறைக்கு ஓடியது தர்ஷினிதான். ஐந்து வால்வில் எதை மூட வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. வால் தொய்ந்து விழுந்தது. ஆமை மல்லாந்து மிதந்தது. அந்த அமைதியில் மாணிக்கம் ஐயாவின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

நானா ஓடிப்போய் ஹோட்டலின் வெள்ளைத் துவாய் அங்கிகளைக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற மாநகரசபைக் கிளார்க், முழங்கால்வரை அங்கி போட்டுக்கொண்டு, சூடான டீயோடு உட்கார்ந்தார். மடியில் பொருத்தத் தாள். அதில் எழுத்தெல்லாம் ஒன்றாகி நீலமாக ஓடியிருந்தது.

“இது தானாப் பழுதாச்சா, இல்ல யாராச்சும் ஏதும் செஞ்சாங்களா?” என்று கேட்டார்.

நானா எனக்காக ஒரு பொய் சொல்ல வாயைத் திறந்துவிட்டார், நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஈரத் தலையோடு தர்ஷினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

“நான்தான் ஐயா. இடப்பக்கம் திரும்புற மேட்டை எல்லாம் அராவிட்டேன். நீங்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னீங்க.”

“நான் சொன்னதுக்காகவா?”

“ஆமா ஐயா.”

“நல்லா ஓடிக்கிட்டு இருந்தத?”

“ஆமா.”

அவர் டீயை முழுதாகக் குடித்து முடித்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு மட்டும் சொல்லி வையி. நான் ஆயிரம் சொல்லுவேன். எல்லாத்தையும் செய்யத் தேவையில்ல.” தாளைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். “இனி இதப் பார்த்து யாரும் பொருந்தாதுன்னு சொல்ல ஏலாது. வாற மாசத்துல ஒரு நாளப் பாருங்க.”

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. புதுச் சக்கரம் வரும்வரை இரண்டு மாதம் நானே தடாகத்துக்குள் இறங்கித் தேய்த்தேன், அது வேறு கதை.

கண்டியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றினேன். புகை லேசாகப் பரவியிருந்தது, நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி இருந்தது, அவள் கை சூடாக இருந்தது. மூன்று சுற்று முடிந்தது எனக்குத் தெரியாது. ஐயர் சொன்னதும் காதில் விழவில்லை. நான் பாட்டுக்கு நாலாவது சுற்றுக்குக் காலை வைத்தேன். பின்னாலிருந்து மாமனார் குரல், மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி வந்தது.

“மாப்பிள்ளை, போதும், நில்லுங்க. ஹோஸ் சுத்திக்கிடும்.”

தர்ஷினி சிரித்த சிரிப்பில் மாலை தோளிலிருந்து நழுவியது. முன்வரிசையில் ரிஸ்வான் நானா கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் புரியாத இருநூறு பேர் என்ன ஹோஸ், எந்த ஹோஸ் என்று கேட்டார்கள். மாமனார் அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் சொல்ல ஆரம்பித்தார். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.