அழிச்சான் பெயிண்டர்

ஒரு படத்தை முடிக்காமல் இருப்பதற்கு அழிச்சான் பெயிண்டர் பட்ட பாட்டைக் காஞ்சிபுரத்தில் வேறு யாரும் பட்டதில்லை.

கடைப் போர்டு என்றால் சொன்ன டீ வருவதற்குள் எழுதிவிடுவார். தனி ஆள். யாரோடும் பேச்சு இல்லை. எங்கள் தெருக்கோடி மதிலில் கை வைத்த பிறகுதான் அந்தப் பெயர் வந்தது.

வைகாசியில் சாமி வரும் வழி அது. மதில் முழுக்க சினிமாக் கொட்டகைப் போஸ்டர். கிழித்துவிட்டுப் படம் எழுதலாம், வரையத் தெரிந்தவர்கள் வாருங்கள் என்றார் நாட்டாமை. நாலு பேர் போனோம். பெயிண்டர். பட்டுச் சேலைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடும் துரை. கோயில் வாசலில் கோலம் போடும் வள்ளியம்மா. கொலு பொம்மைக்கு வர்ணம் பூசும் நான். அடுத்தடுத்த தெருதான். அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

துரை பழக்கதோஷத்தில் சுவரிலும் கட்டம் போட்டார். மயில் கழுத்து படிக்கட்டு மாதிரி வந்தது. பெயிண்டர் அதை வளைத்துக் கொடுத்தார். வள்ளியம்மா கையெடுக்காமல் பார்டர் இழுத்தார். யானைக்கு நான் கண் வைத்தேன். பெயிண்டர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

முடியும் நேரத்தில் ஆரம்பித்தது வினை. காலையில் போனால் மயில் இல்லை, சுண்ணாம்புதான் இருந்தது. பெயிண்டர்தான் அழித்திருந்தார், கழுத்து தப்பாம். திரும்ப எழுதினோம். அடுத்து யானை போச்சு.

"கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன்.

"கண்ணு நல்லாதான் இருந்துச்சுபா. யானைதான் தப்பு" என்றார்.

நாட்டாமை வந்து நின்றார். "நாளைக்கு சாமி வருதுபா. சாமிக்கு யானையைக் காட்டுவியா, சுண்ணாம்பைக் காட்டுவியா?"

அன்றே முடித்தோம். சாமி வந்தது, போனது. நாங்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினோம்.

கொஞ்ச நாளில் பெயிண்டர் மூக்கு உடைந்த செட்டியார் பொம்மையோடு என் வீட்டுக்கு வந்தார். பூனை தள்ளிவிட்டதாம். அவர் வீட்டில் பூனை கிடையாது. ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் செட்டிச்சிக்கு மூக்கு போயிருந்தது. துரையிடம் அக்காள் மகள் கல்யாணச் சேலைக்கு டிசைன் கேட்டிருக்கிறார். அக்காளே கிடையாது. வள்ளியம்மாவிடம் கோலத்துக்குப் புள்ளி கேட்டாராம்.

"உனக்கு எதுக்குபா கோலம்?"

"சும்மா தெரிஞ்சிக்கினு போறேன்மா."

படம் முடிந்தால் ஆள் கலைந்துவிடும். அதற்குத்தான் அழித்திருக்கிறார். மூன்று பேருக்கும் புரிந்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். மதிலில் மறுபடியும் போஸ்டர் ஏறிவிட்டது.

பொம்மை இல்லாமலே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது. மூக்குக்குப் பூசுகிற வர்ணம் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் காய்ந்துவிடும். காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார். சாயங்காலம் ஆகும் என்பேன். உட்கார்ந்துகொள்வார்.