ரிஜெக்ட் அண்ணனின் படகு எஞ்சின்

இந்தப் பூமியில் எந்தப் பொருளும் எங்கள் ரிஜெக்ட் அண்ணனிடம் பாஸ் ஆனதில்லை. ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருடமாக அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. குறையுள்ள சாமானில் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைக்க வேண்டும். மனிதர் அந்த வேலையை நாங்கள் இருவரும் தங்கியிருந்த வாடகை அறைக்கும் கொண்டு வந்துவிட்டார். மெஸ் சாம்பார், ஃபேன், எனக்குச் சாமல்பட்டியிலிருந்து வந்த பெண் ஜாதகம், எல்லாவற்றுக்கும் சிவப்பு அட்டை. "ஓகே" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இத்தனைக்கும் சொந்தக் கையால் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றியவர் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பொங்கல் லீவு முடிந்து தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து திரும்பும்போது, பழைய சேலையில் எதையோ சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால் படகு எஞ்சின். படகின் பின்பக்கம் மாட்டுகிற வகை. மேலே எஞ்சின், கீழே தண்ணீருக்குள் சுற்றும் விசிறி.

"அண்ணா, இங்கருந்து கடலு எவ்ளோ தூரம்னு தெரியுமா?"

"அக்கா எஞ்சினுல. அத்தானுக்கு முதுகு போயிட்டு, இனிமே அவதான் கடலுக்குப் போவணும். ஊரு மெக்கானிக் மாசக்கணக்குல இழுத்தடிக்கான். பங்குனிக்குள்ள ஓடலன்னா படகையே வித்துருவாவ. நீ கம்பெனிக்காரனாச்சேன்னு எங்கிட்ட குடுத்துட்டா."

"உங்களுக்கு ரிப்பேர் தெரியாதுன்னு சொல்லலியா?"

அண்ணன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, "அவ முகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடில சொல்ல?" என்றார்.

செல்போன் வீடியோதான் வாத்தியார். அதில் பேசியது என்ன மொழி என்பது எங்கள் இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. பிரித்த சாமானுக்கெல்லாம் நம்பர் போட்டு, என் பாயில் வரிசையாக அடுக்கினார். நான் மூன்று வாரம் வராந்தாவில் படுத்தேன். திரும்ப மாட்டி முடித்தபோது மூன்று வாஷர் மிச்சம். "டிசைன்லயே தப்பு" என்று, எஞ்சினை உண்டாக்கியவனுக்கே சிவப்பு அட்டை எழுதினார். அப்புறம் அரைமனதாக எல்லாவற்றையும் மறுபடி பிரித்தார். மூன்றாம் தடவை எஞ்சின் உறுமியது.

இந்த எஞ்சின் தண்ணீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உறிஞ்சிய தண்ணீர் பக்கத்து ஓட்டை வழியாக மெல்லிய தாரையாக வெளியே வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி, தெருவே கேட்கும்படி கத்தினார்: "ஒண்ணுக்குப் போவுதா பாருல!"

வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். "ஏனப்பா இது! என் டேங்கர் தண்ணில யாரு ஒண்ணுக்குப் போறது?"

பதிலாக அண்ணன் வேகத்தைக் கூட்டினார். டிரம்மில் இருந்த தண்ணீர் முழுக்க எழும்பி, வாசலில் காயப்போட்டிருந்த ராகி மேல் விழுந்தது. அது மறுபடி காயும்வரை இரண்டு நாள் நாங்கள் இருவரும் அந்த ராகிக்குக் காவல் இருந்தோம்.

டிரம்மில் ஓடினால் போதாது, சுமையோடு ஓட வேண்டும் என்று ஏரிக்குப் போனோம். அங்கே படகு கிடையாது, பரிசல்தான். நாகப்பா என்ற பரிசல்காரர் தலையில் அடித்துக்கொண்டே ஒரு பலகையைக் கட்டிக் கொடுத்தார். வட்டமான பரிசலில் எஞ்சினை மாட்டினால் என்ன ஆகும் என்று அண்ணனின் பதினோரு வருட அனுபவம் யோசிக்கவில்லை. பரிசல் கிரைண்டர் மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது.

"தேவுடா! நிறுத்து சாமி, நிறுத்து!" என்று நாகப்பா மறுபக்கம் துடுப்பை ஊன்றினார். பரிசல் ஒரு வழியாக நேராகிப் போய்ப் பாறையில் இடித்தது. எஞ்சின் ஓடியது, விசிறி மட்டும் நின்றுவிட்டது. அதைத் தண்டோடு பிணைக்கும் சின்னப் பின் உடைந்திருந்தது.

கம்பெனியில் எது உடைந்தாலும் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு எழுத வேண்டும். அண்ணன் எழுதினார். பின் மெலிசான உலோகம், ஆகவே ரிஜெக்ட். டூல் ரூம் நண்பரைப் பிடித்து, இரும்பை நெருப்பிலிட்டு இறுக்கி, யானை ஏறினாலும் வளையாத ஒரு பின் செய்து மாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஏரி, அதே பாறை. பின்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கியர் பல் பல்லாக உதிர்ந்தது.

அக்காவுக்குப் போன் போட்டார். அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"ஏ கூறுகெட்டவனே! அந்தப் பின்னு ஒடையத்தாம்ல வச்சிருக்கான். அது ஒடைஞ்சாத்தான் எஞ்சின் பொழைக்கும். அத்தான் மடில எப்பவும் பத்து பின்னு கெடக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியால?"

அண்ணன் போனை வைத்தார். ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். 'பொருள்: நான். குறை: அக்காவைக் கேட்கவில்லை' என்று எழுதித் தன் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குனி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

கொச்சியிலிருந்து பார்சலில் கியர் வந்தது. இந்தத் தடவை வீடியோ இல்லை. ஒவ்வொரு சாமானையும் மாட்டும் முன் அக்காவிடம் போனில் கேட்டார். கொண்டுபோய்க் கொடுக்கக் கேட்ட லீவை மேனேஜர் ரிஜெக்ட் செய்தார். கடைசியில் ராயக்கோட்டையிலிருந்து தெற்கே போன தக்காளி லாரியில், அதே சேலையைச் சுற்றி, பத்து மெலிசுப் பின்னோடு எஞ்சின் ஊர் போனது.

நான்காம் நாள் கேன்டீனில் டீ நேரம். வீடியோ காலில் அக்கா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் எஞ்சினைப் பிடித்தபடி நடுக்கடலில் இருந்தார். "தம்பி, பாத்துக்கோ" என்று போனைத் திருப்பினார். எஞ்சின் பக்கத்திலிருந்து தண்ணீர் மெல்லிய தாரையாக விழுந்துகொண்டிருந்தது.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஓகே."

கேன்டீனே தட்டைத் தட்டிக் கூச்சல் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெயின்ட் மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். "போனை வைல" என்றார் அக்கா.

மறுவருடம் அண்ணன் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். இப்போது அந்தக் கரையில் அவர்தான் மெக்கானிக். எதையும் பாஸ் செய்ய மனசு வராமல், கொடுத்த எஞ்சின்களை மாசக்கணக்கில் இழுத்தடிக்கிறாராம். அவர் சட்டையில் கட்டிக்கொண்ட அந்தச் சிவப்பு அட்டை என் பர்ஸில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் 'ஓகே' என்று நான் எழுதி வைத்திருப்பது அவருக்குத் தெரியாது.