முன்சீட்டுக்காரர்

உலக்கை விரலில் விழுந்ததும் யாவ் அம்பொன்சா முதலில் செய்த காரியம், திட்டுவதற்கு ஆள் தேடியதுதான். வீட்டில் ஆள் இல்லை.

ஃபூஃபூ இடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நின்றுகொண்டு உலக்கை போட, இன்னொருவர் உட்கார்ந்து, வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலுக்குள் புரட்டிக் கொடுக்க வேண்டும். தையற்காரர் அம்பொன்சா இரண்டையும் தானே செய்து பார்த்தார். வலது கை ஆள்காட்டி விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு அட்டகோரா சுவருக்கு மேலே தலையை நீட்டினான்.

"தனியாவா இடிச்சீங்க?"

"ரேடியோ கேட்டுக்கிட்டே இடிச்சேன்."

"போய் அண்ணியைக் கூட்டிட்டு வாங்கண்ணே. உப்புக்காக யாராவது பொண்டாட்டியைத் தொலைப்பாங்களா?"

உப்புக்காகத்தான் தொலைந்தது என்று அம்பொன்சாவும் நம்பினார். அன்று அவரும் மனைவி அச்சியாவும் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். அவர் எப்போதும் விறுவிறுவென்று முன்னால் நடக்கிறவர். ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேனில் முன்சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அச்சியா முழங்கால் வலிக்காரி, அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தாள். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. வீடு திரும்பியதும் சூப் வைத்தாள், இவர் உப்பு போதவில்லை என்றார். விடிந்ததும் பெட்டியோடு மாம்போங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலமானால் தெருவில் எல்லா வீட்டிலும் உலக்கைச் சத்தம் ஜோடி போட்டுக் கேட்கும். இவர் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி தின்பார். ரொட்டி தொண்டையில் இறங்காது.

"பழசுலேர்ந்து பாடம் கத்துக்கிட்டாதான் மனுஷன் வளருவான்" என்று அட்டகோராவிடம் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து சங்கோஃபா பறவை அச்சிட்ட துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். உடம்பு முன்னால் போக, கழுத்தைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்க்கும் பறவை. மறந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை என்பது அது சொல்லும் பாடம். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் இதை விளக்கிச் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களுக்கும்.

மாம்போங்கில் மச்சான் ஒபெங் நாற்காலி போட்டார். தண்ணீர் வந்தது. விருந்தாளி தண்ணீர் குடித்த பிறகுதான் வந்த காரியம் கேட்பது முறை. வலது கையில் கட்டு. அம்பொன்சா இடது கையை நீட்டித் தண்ணீரை வாங்கினார்.

ஒபெங்கின் முகம் சுருங்கியது.

"இடது கையாலயா என் வீட்டுத் தண்ணியை வாங்குற?"

"விரல்ல அடி மச்சான். ஃபூஃபூ இடிச்சேன்."

"என் தங்கச்சி இல்லாம ஃபூஃபூ வேற கேக்குதா?"

உள் அறையில் யாரோ இருமினார்கள். அச்சியாவின் இருமல். அம்பொன்சா கட்டுப் போட்ட விரலைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தார். அவமானம் தாங்காமல், வந்த வேகத்திலேயே வண்டி ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பாடம் கற்றுக்கொண்டார். இனி கையையும் நீட்டக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. முறைப்படி, தனக்காகப் பேச ஒரு பேச்சாளரைக் கூட்டிப் போக வேண்டும். அட்டகோராவையே பிடித்தார். ஊரில் கால்பந்து ஆட்டம் நடந்தால் மைக்கில் வர்ணனை செய்கிறவன், குரல் மணி மாதிரி இருக்கும்.

ஒபெங் வீட்டில் அந்த மணி அடிக்க ஆரம்பித்தது.

"ஐயா, என் அண்ணன் தப்பு பண்ணிட்டாரு. சாதாரணத் தப்பா? சூப்பைக் குறை சொன்னாரு. அதுக்கு முந்தி மாமியாரைக் குறை சொன்னாரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல தூங்கினாரு. கல்யாண நாளை மறந்தாரு, அடுத்த வருஷமும் மறந்தாரு..."

"நிறுத்துடா" என்று அம்பொன்சா அவன் துணியைப் பிடித்து இழுத்தார்.

"பாருங்கய்யா, நல்லதைச் சொன்னாலும் இழுக்கிறாரு."

ஒபெங் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதே. இதுக்கு வெறும் மன்னிப்பு பத்தாது. ஒரு செம்மறிக் கிடா கொண்டு வா."

வெளியே வந்ததும் அட்டகோரா காதில் ஓதினான். "கிடாவோட முடிஞ்சதேன்னு நேரா நடங்கண்ணே. மச்சான் வீட்டு வாசலைத் திரும்பிப் பாத்தா மரியாதை போயிடும்."

அம்பொன்சா நேராகத்தான் நடந்தார். அந்தக் கலையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி பாடம். பேச்சாளரும் வேண்டாம். கிடாவோடு தனியாகப் போனார். ட்ரோட்ரோவின் கூரையில் கட்டிய கிடா வழி நெடுக வெயிலில் காய்ந்து, நாக்கு வறண்டு இறங்கியது. ஒபெங் வீட்டில் தண்ணீர் வந்தது. விரல் ஆறிவிட்டது, வலது கையை அழகாக நீட்டினார். அதற்குள் கிடா முந்திக்கொண்டு கிண்ணத்தில் வாயை வைத்து, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டது.

ஒபெங் கிடாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"தண்ணி குடிச்சவங்கதானே செய்தி சொல்லணும்? சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?"

கிடா "ம்மே" என்றது.

"இவனைவிட நல்லாப் பேசுது. மாப்ள, கிடா இருக்கட்டும். தங்கச்சிகிட்ட கேட்டுட்டு ஆள் அனுப்புறேன், நீ கிளம்பு."

உள் அறையில் இந்தத் தடவை இருமல்கூட இல்லை. அச்சியாவின் மனசு விட்டுப்போய்விட்டது என்று அம்பொன்சா முடிவு கட்டிவிட்டார். பின்னால் கிடா கத்திக்கொண்டே இருந்தது. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அதையும் பார்க்காமல் நடந்தார்.

ஸ்டாண்டில் வழக்கம்போல முன்சீட்டு கிடைத்தது. வண்டியில் ஆள் நிரம்ப நேரமாயிற்று. பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். அவர் கண்ணாடி வழியாகச் செம்மண் ரோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். கற்க வேண்டிய பாடமெல்லாம் கற்றாயிற்று, இனி வாழ்நாள் பூரா ரொட்டிதான் என்று நினைத்தபோது கண் கலங்கியது. சுட்ட வாழைப்பழம் விற்கிற அம்மா தட்டோடு ஜன்னலருகே வந்தாள்.

"எத்தனை வேணும் ஐயா?"

"ஒண்ணு போதும்மா. வீட்ல நான் ஒருத்தன்தான்."

அவள் அவர் போர்த்தியிருந்த துணியைப் பார்த்தாள், பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ரெண்டா வாங்கிக்கோங்க ஐயா, போன ரெண்டு தடவையும் பெட்டியைத் தூக்கிட்டு உங்க பின்னாலயே ஸ்டாண்டு வரைக்கும் நொண்டி நொண்டி வந்து, நீங்க ஒரு தடவையாவது திரும்பிப் பாப்பீங்களான்னு நின்னுட்டுப் போன அம்மா, இன்னிக்கி மனசு கேக்காம கடைசி சீட்டுல ஏறி உக்காந்திருக்காங்க."