ஆர்லோ எடுத்த கல்யாணப் படங்கள்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான பொருள், பாட்டரியே இல்லாமல் ஓடும் ஃபிலிம் கேமராதான். போர்ட்லண்டின் 'பாட்டரி துறந்தோர் சங்கம்' இதை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. தீர்மானத்தைச் செயலாளர் ஆர்லோ தன் செல்போனில் தட்டினான். அது நிர்வாக வசதி.

அக்கா கொரினின் கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவன் ஒரே நிபந்தனைதான் போட்டான். தேவாலய வாசலில் கூடை வைத்து, வருகிறவர்களின் போன்களையெல்லாம் வாங்கிவிட வேண்டும்.

"ஒருத்தர்கிட்டகூடவா இருக்கக் கூடாது?"

"இந்தச் சத்தத்தைக் கேளுக்கா." கேமராவின் பொத்தானை டக்கென்று அழுத்திக் காட்டினான். "இதுக்கு முன்னாடி போனெல்லாம் நிக்குமா?"

"சரிடா. எனக்கு ஒரே ஒரு படம் போதும். அப்பா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும்போது அழறாரான்னு தெரியணும். நான் முகத்திரைக்குள்ள நேரா பாத்துட்டு வருவேன். அப்புறம் கேட்டா மனுஷன் ஒத்துக்கவே மாட்டார்."

"சொட்டுச் சொட்டா தெரியும், கவலைய விடு."

கல்யாணத்தன்று ஆர்லோ ஒரு தவம் போலவே வேலை செய்தான். வெளிச்சத்தைக் கண்ணாலேயே எடைபோட்டான், லென்ஸ் வளையத்தைத் திருகினான், அடுத்த படத்துக்கு நெம்புகோலைத் தள்ளினான், அழுத்தினான். முப்பத்தாறு படச் சுருளில் நாற்பதாவது படமும் விழுந்தது! எந்த டிஜிட்டல் கேமராவுக்கு இந்தத் தாராள மனசு வரும்? ஆர்லோ பூரித்துப் போனான்.

ஃபிலிம் கழுவும் கடைக்கார அம்மாள் கழுவி முடித்த சுருளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தம்பி, ஃபிலிமோட நுனி உள்ளே மாட்டவே இல்லை. நீங்க சுத்தச் சுத்த அது இருந்த இடத்துலயே இருந்திருக்கு."

சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. செயலாளரின் சுருளை ஒரு படம்கூடக் களங்கப்படுத்தவில்லை என்றும், இத்தனை தூய்மையை உறுப்பினர் எவரும் எட்டியதில்லை என்றும் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

கொரினுக்குக் கைதட்ட மனம் வரவில்லை. அழுது முடித்த கண்களோடு வந்து நின்றாள்.

"படம் போகட்டும்டா. நீ அப்பாவுக்கு நேர் எதிர்ல நின்ன. அவர் அழுதாரா?"

ஆர்லோ கண்ணை மூடினான். அந்தக் கணம் அவனுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது.

"நொடியில அறுபதுல ஒரு பங்கு. லென்ஸ் திறப்பு எஃப் நாலு. தூரம் ஆறடி."

"அப்பா முகம்டா?"

"ஃபோகஸ்ல இருந்துச்சுக்கா."

கொரின் அவன் கழுத்தில் தொங்கிய கேமராவை விரலால் தட்டினாள்.

"இதைச் சொல்லிக் குத்தமில்லை. இதுக்குள்ள ஃபிலிமாவது இருந்துச்சு."