கை இறக்கச் சொல்ல ஆளில்லை

ஓசூர்,
ஜூன் 2004

மரியாதைக்குரிய மைத்துனர் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு,

பரமசிவம் எழுதுவது. உங்கள் தங்கையின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சௌக்கியம். பாரூரில் ஏரியும் கரும்பும் உங்கள் கோபமும் குறைவின்றி இருக்கும் என நம்புகிறேன்.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏரிப்பக்கத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கவும். எங்கள் ஆலையின் பெரிய கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டார்கள். அது அன்றைய கணக்கையெல்லாம் முதலில் மனதில்தான் வைத்துக்கொள்ளும்; கரண்ட் போனால் மறந்துவிடும். ஓசூரில் கரண்ட் போகாத நாள் ஏது? ஆகவே தினமும் மூன்று மணிக்கு நான் ஒரு கட்டளை தட்டுவேன். செக்பாயிண்ட் என்று பெயர். இதுவரை பத்திரம் என்று எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிக்கொள்ளும். பிறகு விழுந்தாலும் அந்த இடத்திலிருந்து எழுந்துவிடும். மனிதருக்கு இந்த வசதி இல்லை. அப்போது யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது என்று முதல் மேலாளர் சொல்லியிருந்ததால், "கை எடுங்க, கை எத்தி, சேதுலு எத்தண்டி" என்று மைக்கில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையிலும் சொல்வேன். எழுதியானதும் "முடிஞ்சது" என்பேன். சொன்னது கீபோர்டு முன்னால் இருந்த நால்வருக்கு. கேட்டது ஆலை முழுவதற்கும். லேத்தை நிறுத்திவிட்டுக் கை தூக்கினார்கள், வாசல் காவலாளி தூக்கினார், பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் கையைத் தூக்குமுன் பர்ஸையும் மேசைமேல் எடுத்து வைத்தார். அந்த அமைதியில்தான் ஜவளகிரி பஸ்ஸின் ஹாரன் உள்ளே வரை கேட்கும். அப்புறம் கேன்டீன் திம்மப்பன் டீ ஊற்றுவான். அந்த ஹாரனை இப்போதே மனசு தேடுது மச்சான்.

புது மேலாளர் ராஜேஷ்குமார் நல்ல பிள்ளை. "சார், புது சிஸ்டம் தானாவே செக்பாயிண்ட் போட்டுக்கும். பழசுக்குங்கூட கை எடுக்கத் தேவையில்ல சார்" என்று கருணையோடு சொன்னார்.

நேற்று கடைசியாகப் போட்டேன். பேக்கிங் முனிலட்சுமி வந்து, "நாளையிலேர்ந்து நாங்க எப்பண்ணா கை எடுக்கறது?" என்றாள்.

"அதுவே போட்டுக்குமாம்மா."

"அது போட்டுக்கட்டும்ணா. எங்களை டீக்கு யாரு கூப்புடுவா?"

ஆடி பிறக்குமுன் வந்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் தங்கை ராஜாத்திக்கும் பிள்ளைகளுக்கும் மாடுகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
பரமசிவம்

பி.கு.: சுண்ணாம்பு வேண்டாம். இன்று நான் விடுப்பு. மூன்று மணிக்குப் பழக்கத்தில் எல்லோரும் கை எடுத்துவிட்டார்கள். முடிந்தது என்று சொல்ல ஆளில்லாமல் யாரும் இறக்கவில்லை. நாலரைக்குத் திம்மப்பன் சைக்கிளில் வந்து, "வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா, டீ ஆறிப்போவுது" என்றான். ராஜேஷ்குமார் என் ஓய்வுக் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் அது பிறகு. முதலில் நான் மைக்கைப் பிடித்து "முடிஞ்சது" என்றேன். தன் கண்ணாடி அறைக்குள் ராஜேஷ்குமாரும் கையை இறக்கினார்.