ஏமோஸ் டாக்டரின் ஒற்றை வரி மசோதா

“எங்களுக்கு என்ன கொண்டாந்தீங்க டாக்டர்?” என்று பக்கத்து இருக்கை ஓபல் ஸ்டாக்டன் அம்மாள் கையை நீட்டினார்.

ஏமோஸ் ப்ருவிட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்து அவருக்கு முழுசாக ஆறு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் டன்கர் மாவட்டத்தில் மாட்டு டாக்டர். ‘லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்’ என்று ஊரில் ஒரு வீட்டு வாசல் விடாமல் தேர்தல் அட்டை நட்டு ஜெயித்தவர். அவரிடம் போய், பட்டப்பகலில், சபைக்குள்ளேயே கை நீட்டினால்?

“என்னம்மா இது, வெக்கமில்லாமக் கேக்கறீங்க?”

“இதுல என்ன வெக்கம்? உங்க ஊர்ல கடலை நல்லா விளையுமே. வறுத்து ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டாந்திருக்கலாம்ல?”

“ஒரு பருப்புகூடக் கிடைக்காது!”

ஓபல் அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. பின் வரிசைக்குத் திரும்பி, “ஒண்ணும் கொண்டாரலையாம்” என்றார். அது பின்னாலிருந்து அதற்கும் பின்னால் போயிற்று. கடைசி வரிசையிலிருந்து “ஓஹோ, அப்படியா சேதி!” என்று ஒரு குரல் வந்தது. ஏமோஸ் திரும்பிப் பார்த்தார். கடலைக்காகவா தன் முதல் மசோதாவைக் கவிழ்ப்பார்கள்? இப்படியும் ஒரு மாநிலமா?

கவிழ்ந்தால் அவர் வீட்டுக்குப் போக முடியாது. அதுதான் விஷயம்.

ஒன்றேகால் வருஷத்துக்கு முன் அவர் மனைவி நெட்டி, ‘முதல் ஜோடி இலவசம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஜாலி ஹீல் காலுறைக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் வாத்துப் படம் போட்ட கம்பளிக் காலுறை வந்துகொண்டே இருக்கிறது. டன்கர் மாவட்டத்து வெயிலில் செருப்புப் போட்டாலே கால் வெந்துவிடும். நிறுத்தச் சொல்லிப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும். அப்புறம் கெவின் என்று ஒருவன் வருவான். “போயிடாதீங்க மேடம், உங்களுக்காக மாசம் ஒரு ஜோடி கூடப் போடறேன்” என்பான். நெட்டி பதினோரு தடவை போன் போட்டிருந்தாள். இப்போது மாதம் பன்னிரண்டு ஜோடி வருகிறது.

“ஏமோஸ், நீ சட்டமன்றத்துக்குப் போறது எதுக்குன்னு எனக்குத் தெரியாது” என்று கிளம்பும்போது அவள் சொல்லியிருந்தாள். “ஆனா அந்தக் கெவினுக்கு ஒரு சட்டம் போடாம வந்தேன்னு வெச்சுக்கோ, அத்தனை காலுறையையும் மாட்டிக்கிட்டு மாட்டுக்கொட்டகையிலதான் உனக்குப் படுக்கை.”

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சொன்னால் சொன்னபடி நிற்கிறவள்.

ஆகவே ஏமோஸ் ஒரு மசோதா எழுதினார். ஒரே வரி. ‘ஒரு போன் போட்டுச் சேர்ந்த சந்தாவை ஒரே போனில் நிறுத்திக்கொள்ளலாம்.’ அவ்வளவுதான். நுகர்வோர் பாதுகாப்புக் குழுவில் யாரும் வாயைத் திறக்காமல் அதை அனுப்பிவைத்தார்கள். இன்று சபையில் ஓட்டெடுப்பு.

மசோதாக்களைச் சத்தமாக வாசிக்கும் அதிகாரி வெர்னா முன் மேசையிலிருந்து குனிந்து, “முதல் மசோதாவா டாக்டர்? ஒண்ணும் பயமில்லை. யார் என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே நில்லுங்க, போதும்” என்றார்.

“சிரிக்கிறதா? இது என் வாழ்க்கைப் பிரச்சினைங்க” என்றார் ஏமோஸ்.

வெர்னா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சபாநாயகர் பிங்ஹம் சுத்தியலைத் தட்டிவிட்டார்.

முதலில் எழுந்தவர் ராஸ்கோ டில்லரி. மாநிலத்துக்குப் புதுக் கம்பெனிகளைப் பிடித்துக் கொண்டுவரும் குழுவின் தலைவர். அன்று காலைதான் அவர் ஒரு சட்டத்தை நிறைவேற்றி முடித்திருந்தார். பக்கத்து மாநிலத்தில் இருக்கிற ஒரு கம்பெனி இங்கே வந்தால் நிலம் இலவசம், பத்து வருஷம் வரி கிடையாது, போதாததற்கு வாசலில் கவர்னரே நின்று கை குலுக்குவார். அந்தக் கம்பெனி எது என்று கேட்கிறீர்களா? ஜாலி ஹீலேதான்.

“டாக்டர், முந்நூறு பேருக்கு வேலை குடுக்கறேன்னு ஒருத்தன் பெட்டி படுக்கையோட வந்து நிக்கிறான். நீங்க வாசல்ல நாயை அவுத்து விடறீங்களே, நியாயமா?”

சபை சிரித்தது. ஏமோஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஓட்டெடுப்பு!” என்றார் சபாநாயகர்.

சுவரில் இருந்த பெரிய பலகையில் எழுபது உறுப்பினர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு விளக்கு. ஏமோஸ் பச்சையை அமுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு பச்சை. மற்ற அறுபத்தொன்பதும் சிவப்பு.

“நிறுத்துங்க!” என்று அவர் துள்ளி எழுந்தார். “ஒரு திருத்தம் கொண்டாறேன்!”

சபாநாயகரின் புருவம் மேலே போயிற்று. “திருத்தமா? இப்பவா?”

“இப்பவேதான்!”

மாட்டு வைத்தியத்தில் ஏமோஸுக்கு ஒரு முறை உண்டு. மாடு உதைத்தால் திட்டக் கூடாது. எங்கே வலிக்கிறது என்று பார்த்து அங்கே மருந்து போட வேண்டும். டில்லரிக்கு எங்கே வலிக்கிறது? புதுக் கம்பெனி ஓடிவிடுமோ என்று. சரி, மருந்து போட்டாயிற்று. ‘மாநிலம் அழைத்து வரும் கம்பெனிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது’ என்று ஒரு தாளில் கிறுக்கி வெர்னாவிடம் நீட்டினார்.

வெர்னா படித்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். “டாக்டர், இது நெசமாவே வேணுமா?”

“வேற வழி? பலகையைப் பாத்தீங்கல்ல?”

“சரி என்பவர்கள்?” என்றார் சபாநாயகர்.

“சரிஇஇ!” என்று கூரை அதிர்ந்தது. டில்லரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பரவாயில்லையே, மருந்து வேலை செய்கிறது என்று ஏமோஸ் தெம்பானார்.

மறுபடி ஓட்டெடுப்பு. மறுபடி அறுபத்தொன்பது சிவப்பு.

இப்போது ஓபல் அம்மாள் எழுந்தார். கடலைக் கோபம் இன்னும் தீரவில்லை போலும்.

“எனக்கு ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரர் என்மேல உள்ள கடுப்புல என்னோட ஜாம் சந்தாவை நிறுத்திப்புட்டார்னா? ஒரு போன்தானே? கழிப்பறையில உக்காந்துகிட்டே நிறுத்திடுவாரே மனுஷன்!”

“நல்ல கேள்விம்மா” என்றார் ஏமோஸ், மனதாரவே. இரண்டாவது தாள் தயாராயிற்று. ‘கணவனும் மனைவியும் சேர்ந்து கம்பெனிக்கு நேரில் வந்தால்தான் நிறுத்தலாம்.’

“சரிஇஇ!”

பின் வரிசையில் ஒருவருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். ஏமோஸ் அவரைக் கவலையோடு பார்த்தார். நுரையீரலில் கோளாறோ என்னவோ.

மூன்றாவது ஓட்டெடுப்பு. அதே சிவப்பு.

கடைசி வரிசை ஜூனியர் மெக்கேப் எழுந்தார். பெயர்தான் ஜூனியர், வயது அறுபத்தெட்டு. ஆற்றோரத் தொகுதி.

“டாக்டர், கெளுத்தி மீன் சீசன்ல எங்க ஆளுங்க எல்லாம் ஆத்துலதான் கெடப்பாங்க. அந்த நேரம் பாத்து மத்தவங்க மட்டும் நிறுத்திக்கிட்டா, அது ஓரவஞ்சனை இல்லையா?”

‘கெளுத்தி சீசன் முடியும்வரை யாரும் நிறுத்தக் கூடாது.’ மூன்றாவது தாள்.

“இன்னொண்ணு. எங்க வீட்டுக் கிளி போன் எடுத்துப் பேசும். அது பாட்டுக்கு என் மீன்பிடிப் பத்திரிகையை நிறுத்திப்புட்டா?”

“என்ன கிளி?”

“ஆப்பிரிக்கச் சாம்பல்.”

“அந்த ஜாதி பேசும்தான்” என்று ஏமோஸ் தலையாட்டினார். இந்தச் சபையில் அவருக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் கேட்டது இதுவே முதல் தடவை. தெளிவாக எழுதினார். ‘சந்தாவை நிறுத்துபவர் மனித இனத்தைச் சேர்ந்தவர்தான் என்று கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இணைக்க வேண்டும்.’

வெர்னா இதை வாசிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவர் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. சபாநாயகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, “சரி என்பவர்கள்?” என்றார். அந்தச் “சரிஇஇ” மேல்மாடியில் செனட் வரை கேட்டிருக்கும்.

நான்காவது ஓட்டெடுப்பு. அறுபத்தொன்பது சிவப்பு.

உட்கார்ந்துவிட்ட ஏமோஸ் மறுபடி மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாள் தீர்ந்துவிட்டது. மருந்தும் தீர்ந்துவிட்டது.

“ஐயா, அம்மா, இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல. என் வீட்ல இப்ப காலுறை வைக்க இடமில்லாம ரொட்டி சுடற அடுப்புக்குள்ள வெச்சிருக்கோம். ரொட்டி சுட்டு நாலு மாசம் ஆச்சு. என் பொண்டாட்டிகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்தேன். நல்லவ அவ. அவளை இப்படி அழ விடக் கூடாதுன்னுதான் நான் தேர்தல்லயே நின்னேன். நீங்க எது கேட்டாலும் குடுத்துட்டேன். கடலைதான் குடுக்கல, அது கொள்கை. தயவு பண்ணுங்க.”

சபையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பலகையில் ஓபல் அம்மாள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விழுந்தது. அப்புறம் ஜூனியர். அப்புறம் டில்லரி. அப்புறம் படபடவென்று வரிசை வரிசையாக, பலகை முழுக்கப் பச்சை. எழுபதுக்கு எழுபது! எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். டில்லரி ஓடி வந்து அவரைக் கட்டிப் பிடித்து, “கில்லாடிய்யா நீ! இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தனை நான் பாத்ததே இல்ல!” என்றார். ஏமோஸின் கண் கலங்கிவிட்டது. நேர்மைக்குக் காலம் இருக்கத்தான் செய்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குச் சபை கலைந்தது. வெர்னா மட்டும் தாள்களுக்கு எண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியாக அப்போது நெட்டியின் போன் வந்தது. பஸ் ஓட்டுகிறவள் குரல், மூன்று மேசை தள்ளிக் கேட்கும்.

“என்னாச்சு?”

“பாஸ்! எழுபதுக்கு எழுபது!”

“என் ராசா! அடுப்பைக் காலி பண்ணி உனக்கு இன்னைக்கு ராத்திரி பீச் பழ கேக்கு. ஒரு நிமிஷம் இரு, அந்தக் கெவினுக்குப் போனைப் போட்டு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுட்டு வரேன்.”

“போன்ல முடியாது நெட்டி. நேர்ல போகணும்.”

“நேர்லயா?”

“நானும் வரேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும்.”

“சரி, நாளைக்கே போவோம்.”

“நாளைக்கு முடியாது. கெளுத்தி சீசன் முடியணும்.”

“கெளுத்திக்கும் காலுறைக்கும் என்னடா சம்பந்தம்?”

“அது பெரிய கதை. அப்புறம், நீ மனுஷிதான்னு மாட்டு டாக்டர் சர்ட்டிபிகேட் ஒண்ணு வேணும். அதுக்கு நீ அலைய வேண்டாம், நானே எழுதித் தரேன்.”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று அடித்தது.

“இவ்வளவும் பண்ணினா காலுறை நின்னுடுமா ஏமோஸ்?”

ஏமோஸ் வாயைத் திறந்தார். முதல் திருத்தம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“இல்ல” என்றார் மெல்ல. “ஜாலி ஹீலுக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது.”

“ஏமோஸ்!” என்று போன் அதிர்ந்தது.

“நான் என்ன பண்ணுவேன் நெட்டி? அறுபத்தொன்பது பேரும் எதிரா நின்னாங்க. ஒவ்வொண்ணா விட்டுக் குடுத்துத்தான் ஜெயிச்சேன். வெர்னாம்மா, நீங்களே இவகிட்டச் சொல்லுங்க. அந்தத் திருத்தமெல்லாம் போடலேன்னா என் மசோதா என்ன ஆயிருக்கும்?”

வெர்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அட கடவுளே, அப்ப அதெல்லாம் நெசமாவா எழுதினீங்க? முதல் மசோதா கொண்டாறவங்க எல்லாருக்கும் ஒரு தின்பண்டம் குடுக்கணும், நாங்க கடைசி வரைக்கும் சிவப்பைப் போட்டுக் கலாய்ச்சுட்டு அப்புறம் பச்சைக்கு மாறுவோம், அதுதானே டாக்டர் இங்க வழக்கம். உங்க ஒத்த வரிக்கு அறுபத்தொன்பது பேரும் நேத்தே சரின்னுட்டாங்க, இன்னைக்கு நீங்கதான் பதிலுக்கு எங்களைக் கலாய்க்கிறீங்கன்னுல்ல நெனச்சோம்!”